சித்தப்பா கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்கிய கதை



போன மாதச் சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ் பற்றி எழுதியிருந்தார். நன்றாக இருந்தது. ஆனால் பாபேஜ் தன் இயந்திரத்துக்கு ஓட்டை போட்ட அட்டைகளைப் பயன்படுத்த நினைத்தார், அந்த அட்டை யோசனை தறியிலிருந்து வந்தது என்பதை அவர் எழுதவில்லை. நம்ம ஊர்க்காரர்கள் விடலாமா? 1804-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் அட்டை வைத்து நெய்யும் முறையைக் கொண்டுவந்தார். அவர் பெயரைத்தான் இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கும் எல்லோரும் தினமும் நாலு தடவை சொல்கிறோம். ஜக்கார்டு பெட்டி, ஜக்கார்டு அட்டை என்று. அது ஒரு ஆளின் பெயர் என்பதே எனக்கு ஏழாம் வகுப்பில்தான் தெரியும்.

நான் எழுத வந்தது பாபேஜ் பற்றி இல்லை. பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி, அதாவது ரேம், கூட்டும்போது அளவைப் பார்ப்பதா வேகத்தைப் பார்ப்பதா என்பதுதான் விஷயம். எங்கள் சித்தப்பா வீட்டில் இந்தத் தை மாதம் இதே கேள்விதான் பத்து நாள் ஓடியது. கொஞ்சம் கணக்கு வரும். பயந்து ஓடாமல் படியுங்கள். எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்!

எங்கள் சித்தப்பா சேலைக்கு டிசைன் போடுகிறார். தறிக்காரர்கள் ஒரு பழைய சேலைத் துண்டையோ, கையால் வரைந்த படத்தையோ கொண்டுவந்து தருவார்கள். சித்தப்பா அதை ஸ்கேன் செய்து, அழுக்கு, மடிப்பு, நூல் பிசிறு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்து, கட்டம் கட்டமாக மாற்றுவார். ஒரு கட்டம் என்பது ஒரு நூல் மேலே போகணுமா கீழே இருக்கணுமா என்பது. முந்தி ஒரு ஃபைல், உடம்பு ஒரு ஃபைல், கரை ஒரு ஃபைல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூ பூவோடு சேருகிறதா என்று பார்க்க வேண்டும். சேரவில்லை என்றால் சேலை கெட்டுவிடும். நான் பள்ளி விட்டு வந்ததும் ஸ்கேன் செய்து கொடுப்பேன். சித்தி டீ தருவார். இதுதான் என் சம்பளம்.

கம்ப்யூட்டர் புதுசு இல்லை. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்து வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3 செயலி, எச்61 மதர்போர்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. மெமரி மட்டும் ஒரே ஒரு 2 ஜிபி பட்டை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டதால் சித்தப்பா அதில் இன்டர்நெட் கொடுப்பதில்லை. டிசைன் வேலைக்கு மட்டும்தான் அது.

தை மாதம் முகூர்த்தம் அதிகம். ஒரு தறிக்காரர் பெரிய முந்தி டிசைன் ஒன்று கொண்டுவந்தார். மயில், கோபுரம், மாங்காய் எல்லாம் ஒரே முந்தியில். அதைத் திறந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். திரை வெளுத்துப் போகும். பெட்டியின் முன்பக்கம் சிவப்பு லைட் அணையாமல் எரியும். ஒரு தடவை மயிலைத் திருப்பி வைத்து சேமிக்க 11 நிமிஷம் ஆனது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். அதற்குள் கரண்ட் போய்விட்டால் எல்லாம் போச்சு. சித்தப்பா இரண்டு ராத்திரி தூங்கவே இல்லை.

தறிக்காரர் வந்தார். "என்னுங்க, இன்னும் எட்டு நாள்தான் பார்ப்பேன். தறி சும்மா நிக்குது. அப்புறம் வேற ஆளுகிட்ட குடுத்துருவேனுங்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சித்தப்பாவுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஒரு தறிக்காரர் போனால் அவர் சொந்தக்காரர்கள் நாலு பேரும் போய்விடுவார்கள்.

கையில் இருந்தது 2,000 ரூபாய். அது சித்தியின் தோடு அடகில் இருக்கிறதே, அதற்கு வட்டி கட்ட வைத்திருந்த பணம். சித்தி டப்பாவில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது ஒரு தடவைதான். சரியாப் பாத்து வாங்குங்க" என்றார்.

இப்போது ஆளுக்கு ஒரு யோசனை. பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன், "8 ஜிபி ஒரே பட்டையா போடுங்க" என்றார். சேலத்தில் போனில் விசாரித்த கடைக்காரர், "1600 வேகம் இருக்குற 4 ஜிபி புதுசு போடுங்க, உங்களுது 1333தான், மெதுவு" என்றார். எங்கள் அப்பா, "அதை வித்துட்டு வேற வாங்கு" என்றார். (அப்பா எதற்கும் இதைத்தான் சொல்வார். எங்கள் மொபெட்டுக்கும் இதையேதான் சொன்னார்.) இன்னொரு மாமா, அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு லேப்டாப் பரணில் இருந்து விழுந்து திரை உடைந்து கிடக்கிறதே, அதில் உள்ள மெமரியைப் பிடுங்கிப் போடச் சொன்னார். அதைக் கழற்றிப் பார்த்தோம். பட்டை பாதி நீளம்தான் இருந்தது. லேப்டாப் டி.டி.ஆர்.3-க்கு 204 கால், டெஸ்க்டாப் டி.டி.ஆர்.3-க்கு 240 கால். பொருந்தவே பொருந்தாது.

நான் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் பதில் சொல்லவில்லை. "முதல்ல உன் சித்தப்பாவுக்கு எவ்வளவு மெமரி தேவைன்னு கண்டுபிடி. அப்புறம் வேகத்தைப் பேசலாம்" என்றார். அதனால் ஒரு நோட்டு போட்டேன்.

முதலில் ஸ்கேன் கணக்கு. ஒரு ஏ4 துண்டை 600 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 4,960 புள்ளி, உயரத்தில் 7,016 புள்ளி. பெருக்கினால் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். மொத்தம் 10 கோடியே 44 லட்சம் பைட், அதாவது 104 எம்பி. இது ஒரே ஒரு துண்டு! முந்திக்கு மட்டும் ஆறு துண்டு ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டும். தப்பானால் பழையபடி திரும்ப வர, சாஃப்ட்வேர் முந்தைய படத்தையும் மறைவாக வைத்திருக்கும். ஃபைல் டிஸ்க்கில் சின்னதாகத் தெரியலாம். திறந்து வைத்தால் முழு அளவுக்கு மெமரி கேட்கும்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'கமிட்' என்று ஒரு எண் இருக்கும். திறந்திருக்கிற எல்லா வேலைக்கும் சேர்த்து இவ்வளவு மெமரி தருகிறேன் என்று விண்டோஸ் ஒப்புக்கொண்ட அளவு அது. முந்தி, உடம்பு, கரை, ஸ்கேனர் எல்லாவற்றையும் திறந்து வைத்தபோது அந்த எண் 3,412 எம்பி. இருக்கும் மெமரியோ 2 ஜிபி, அதாவது 2,048 எம்பி. அதிலும் இந்த போர்டில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கும் இதிலிருந்துதான் ஒரு பங்கு போகும்.

மீதி எங்கே இருக்கிறது? ஹார்டு டிஸ்க்கில்! மெமரி பத்தாதபோது விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்கில் ஒதுக்கி வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்து வருகிறது. சிவப்பு லைட் அணையாமல் எரிந்தது அதனால்தான்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஹார்டு டிஸ்க் தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி. தட்டு சுற்றி வரணும், முள்ளும் நகர்ந்து வரணும். ஒரு தடவை போய் எடுக்க குறைந்தது 10 மில்லி நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரியில் இருந்து செயலி கேட்டு வாங்க 100 நானோ நொடி என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 1 லட்சம் மடங்கு!

இது மண்டையில் ஏற டீச்சர் ஒரு வழி சொன்னார். சித்தி அடுப்படி அலமாரியில் இருந்து உப்பு எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வை. அதே உப்பை ஹார்டு டிஸ்க்கில் இருந்து எடுத்தால் 1 லட்சம் நொடி. 3,600-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 மணி நேரம். இன்றைக்கு மதியம் ரசத்துக்கு உப்பு வேண்டுமென்றால் நாளைக்கு சாயங்காலம் கிடைக்கும்.

அடுத்து வேகக் கணக்கு. 1333 என்றால் நொடிக்கு 1,333 மில்லியன் தடவை தரவு நகர்கிறது. ஒவ்வொரு தடவையும் 8 பைட். பெருக்கினால் நொடிக்கு 10,664 எம்பி. 1600 என்றால் 12,800 எம்பி. அதாவது 20 சதவீதம் அதிகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பட்டையில் இன்னொரு எண் இருக்கிறது, சி.எல். என்று. கேட்டதில் இருந்து முதல் பதில் வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது. 1333-இல் ஒரு துடிப்பு 1.5 நானோ நொடி, சி.எல்.9. ஆக 13.5 நானோ நொடி. 1600-இல் ஒரு துடிப்பு 1.25 நானோ நொடி, ஆனால் சி.எல்.11. ஆக 13.75 நானோ நொடி. கவனித்தீர்களா? வேகமானது என்று விற்கிற பட்டையும் முதல் பதில் சொல்ல அதே நேரம்தான் எடுத்துக்கொள்கிறது! பெரிய ஃபைலைத் தொடர்ந்து அள்ளும்போதுதான் 1600 முந்தும். இன்னும் ஒன்று. சித்தப்பாவின் இரண்டாம் தலைமுறை ஐ3 செயலி 1333-க்கு மேல் போகாது. 1600 பட்டை வாங்கிப் போட்டாலும் அது 1333-ஆகத்தான் ஓடும். பழைய பட்டையோடு சேர்த்துப் போட்டாலும், இரண்டில் எது மெதுவோ அதன் வேகத்துக்கு இரண்டும் இறங்கிவிடும். வேகத்துக்காகக் கூடக் கொடுக்கும் காசு எங்கள் பெட்டியில் வேலையே செய்யாது.

சித்தப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "தார் மாதிரி சொல்லு கண்ணு" என்றார். தறி வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும். மற்றவர்களுக்கு: நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றி வைக்கும் குச்சிதான் தார். தறி எவ்வளவு வேகமாக ஓடினாலும் தார் தீர்ந்தால் நின்றுவிடும். அடுத்த தார் பக்கத்திலேயே சுற்றி வைத்திருந்தால் உடனே மாட்டலாம். இல்லை என்றால் எழுந்து போய் ராட்டையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சித்தப்பாவின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு இழைக்கும் எழுந்து போய்க்கொண்டிருந்தது. "அப்ப தறிய வேகமா ஓட்டிப் பிரயோசனமில்ல" என்றார். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இரண்டு பக்கம் ஆனது!

ஆனால் வேகமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். காசு கொடுக்காமலே ஒரு வேகம் கிடைக்கிறது. எச்61 போர்டில் இரண்டு ஸ்லாட். இரண்டுக்கும் செயலியில் இருந்து தனித்தனிப் பாதை. ஒரே அளவில் இரண்டு பட்டை போட்டால் இரண்டு பாதையும் ஒரே நேரத்தில் ஓடும். நொடிக்கு 10,664 எம்பி என்பது 21,328 எம்பி ஆகிறது. 8 ஜிபியை ஒரே பட்டையாகப் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். பழைய 2 ஜிபியை விட்டுவிட்டு 4 ஜிபி ஒன்று மட்டும் சேர்த்தால் மொத்தம் 6 ஜிபி. அதில் 2-க்கு 2 சேர்ந்து 4 ஜிபி ஜோடியாக ஓடும், மீதி 2 ஜிபி ஒற்றையாக ஓடும். அதுவும் மோசமில்லை. காசு இன்னும் குறைவாக இருந்திருந்தால் நான் அதையே சொல்லியிருப்பேன்.

எஸ்.எஸ்.டி. போடலாமே என்று ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு பையன்கள் கேட்பார்கள், தெரியும். அதில் சுற்றும் தட்டு கிடையாது. ஹார்டு டிஸ்க்கை விட மிக மிக வேகம். கம்ப்யூட்டர் திறப்பதே சட்டென்று நடக்கும். ஆனால் எங்களுக்கு மெமரி பத்தவில்லை. எஸ்.எஸ்.டி. போட்டால் உப்புக்கு அடுப்படி தாண்டி ஓடுவது குறையாது, ஓடும் தூரம்தான் குறையும். தவிர இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. முதலில் மெமரி, எஸ்.எஸ்.டி. அடுத்த சீட்டுப் பணத்தில் என்று முடிவானது.

இன்னும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. இதை யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன். கம்ப்யூட்டர் என்ற படத்தில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் '32-பிட்' என்று இருந்தது. 32 பிட் என்றால் 2-இன் அடுக்கு 32 வரைதான் முகவரி போட முடியும். 429,49,67,296 முகவரி. அதுதான் 4 ஜிபி. அதிலும் திரை போன்றவற்றுக்கு ஒரு பங்கு போக, 3 ஜிபி சொச்சம்தான் கைக்கு வரும். 8 ஜிபி போட்டாலும் மீதியை விண்டோஸ் தொடாது! (அடுக்குகள் பாடம் எதற்கு என்று கேட்டவர்கள் கவனிக்க.) அப்படியானால் 64-பிட் விண்டோஸ் மாற்றிப் போட வேண்டும். சித்தப்பா முகம் மாறிவிட்டது. பதினோரு வருஷ டிசைன் அதற்குள் இருக்கிறது. பாலிடெக்னிக் அண்ணன் தன் வெளி ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார். எல்லா டிசைனையும் அதில் காப்பி எடுத்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து எண்ணிப் பார்த்தோம். டிசைன் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் போனில் கேட்டோம். 64-பிட்டிலும் ஓடும், பூட்டு மாதிரி செருகுகிறோமே அந்தச் சாவிக்கு மட்டும் வேறு டிரைவர் போடணும் என்றார்.

சனிக்கிழமை சேலம் போனோம். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, சித்தப்பாவுக்கு மட்டும். ஐந்து ரோடு பக்கம் நாலு கடை ஏறி இறங்கினோம். விலை எல்லாம் ஏறிக் கிடந்தது. ஏன் என்று ஒரு கடை அண்ணன் சொன்னார். செயற்கை நுண்ணறிவுக்குப் பெரிய பெரிய கணினிக் கூடங்கள் கட்டுகிறார்களாம், மெமரி எல்லாம் அங்கே போகிறதாம். 2025 டிசம்பரில் மைக்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்குச் சில்லறையில் விற்றுவந்த க்ரூசியல் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. எங்கேயோ அமெரிக்காவில் கட்டும் கூடத்துக்கும் சித்தியின் தோட்டு வட்டிக்கும் சம்பந்தம் வந்துவிட்டது பாருங்கள்.

முதல் கடையில் 1600 வேகம், புதுசு, 4 ஜிபி 1,150 என்றார்கள். இரண்டாவது கடையில் 8 ஜிபி ஒற்றைப் பட்டை 1,900. மூன்றாவது கடையில் 8 ஜிபி பட்டை 500 ரூபாய்தான்! சித்தப்பா பர்ஸைத் திறந்துவிட்டார். நான் பட்டையை வாங்கி ஸ்டிக்கரைப் படித்தேன். ஸ்டிக்கரில் எல்லாம் எழுதியிருக்கும். பி.சி.3 என்றால் டி.டி.ஆர்.3. பி.சி.2 என்றால் டி.டி.ஆர்.2, அதில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் நுழையவே நுழையாது. 10600 என்றால் 1333 வேகம். 12800 என்றால் 1600. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து. 'யு' என்றால் சாதாரண டெஸ்க்டாப் பட்டை. 'ஆர்' என்றால் சர்வருக்கு உள்ளது, வீட்டு போர்டில் வேலை செய்யாது. இந்த 500 ரூபாய் பட்டையில் இருந்தது 'ஆர்'. "சித்தப்பா, இது வேண்டாம்" என்றேன். கடைக்காரர், "பாப்பா படிச்சுட்டு வந்திருக்குது" என்று சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. பர்ஸை மூடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாலாவது கடையில் பழசு, 4 ஜிபி, 10600, 'யு', இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே எண். ஒன்று 550 வீதம் 1,100 ரூபாய். ஒரு வாரத்துக்குள் கோளாறு வந்தால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்கினோம். பக்கத்திலேயே பரோட்டா சாப்பிட்டோம். அதைக் கணக்கில் எழுதவில்லை.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் பட்டையைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். தங்க நிறக் கால்களை என் ரப்பரால் லேசாகத் துடைத்தேன், துகள்களை ஊதி எடுத்தேன். இரண்டு பக்கமும் 'டிக்' என்று கவ்வ வேண்டும். ஆன் செய்தால் பீப், பீப் என்று ஒரே சத்தம்! சித்தி கையை வாயில் வைத்துக்கொண்டார். அணைத்துவிட்டு, கழற்றி, அழுத்தி மாட்டினோம். திரை வந்தது. 8 ஜிபி என்று காட்டியது.

பழைய பட்டை என்பதால் சோதனை செய்யாமல் வேலையைத் தொடக்கூடாது என்று அண்ணன் சொன்னார். விண்டோஸிலேயே மெமரி சோதனை இருக்கிறது. அது ஒவ்வொரு அறையிலும் எழுதி எழுதிப் படித்துப் பார்க்கும். ஓட விட்டுவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம்.

அந்த அறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு அறையும் துளியூண்டு மின்சாரம் பிடிக்கும் குடம் மாதிரி. ஆனால் ஓட்டைக் குடம்! ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி நொடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு தடவை நிரப்பிவிட வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆள் இல்லை, எல்லாம் காலி. சேமிக்காத மயில் பறந்துபோவது இப்படித்தான். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குடம் என்ற இந்த எளிய அமைப்புக்கு ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்றார். 2024-இல்தான் காலமானார். 1970-இல் இன்டெல் விற்ற 1103 என்ற சிப்பில் 1,024 பிட் இருந்தது. 8 ஜிபிக்கு அந்த மாதிரி சிப் எத்தனை வேண்டும்? 6 கோடியே 71 லட்சத்து 8 ஆயிரத்து 864.  ஜக்கார்டு அட்டைக்கு மட்டும் கரண்டும் வேண்டாம், நிரப்பவும் வேண்டாம். இருநூறு வருஷம் ஆனாலும் ஓட்டை ஓட்டைதான்.

சோதனையில் கோளாறு இல்லை. 64-பிட் போட்டு, சாவி டிரைவர் போட்டு, டிசைன்களைத் திரும்ப ஏற்றும்போது ஞாயிறு ராத்திரி பத்து மணி. தறிக்காரர் சொன்ன எட்டு நாளில் ஐந்து நாள் போய்விட்டது.

அதே முந்தி, அதே மயில். திருப்பி வைத்து சேமித்தோம். 52 நொடி! நான் இரண்டு தடவை பார்த்தேன், 52தான். சும்மா தெரிந்துகொள்ள ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு, 4 ஜிபி மட்டும் வைத்தும் பார்த்தேன். 1 நிமிஷம் 20 நொடி, சிவப்பு லைட் அங்கங்கே மினுக்கியது. 11 நிமிஷத்தில் இருந்து 1 நிமிஷம் 20 நொடி வந்தது இடம் கிடைத்ததால். அங்கிருந்து 52 நொடி வந்ததில் மிச்ச இடமும் ஜோடிப் பாதையும் சேர்ந்திருக்கின்றன. இரண்டே ஸ்லாட் இருப்பதால் அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. டீச்சர் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொன்றையும் மூணு தடவை அளந்து சராசரி எழுதியிருக்கணும்" என்றார். அடுத்த சோதனைக்குக் குறித்துக்கொண்டேன்.

முந்தி புதன்கிழமை முடிந்தது. வியாழக்கிழமை காலை தறிக்காரர் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோபுரத்து உச்சியில் இருந்து கரை வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தார். "மயிலுக்குக் கண்ணு இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாமுங்க" என்றார். சித்தப்பா அவர் முன்னாலேயே பெரிசாக்கிக் காட்டினார். அவர் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. முன்பென்றால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருப்பார். தறிக்காரர் போகும்போது கரை டிசைன் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்.

மீதி இருந்த பணத்தோடு டிசைன் கூலியும் சேர்த்து வட்டி கட்டியாகிவிட்டது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

கழற்றிய 2 ஜிபி பட்டையை ஒரு தீப்பெட்டி நீளத்துக்கு இரண்டாக மடித்த அட்டையில் வைத்து அறிவியல் டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். அறிவியல் அலமாரியில், காந்தங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீச்சரிடம் கேட்டால் கையில் தருவார். கால்களைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பி.சி.3, 10600, யு, 9 எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ உங்கள் அண்ணன் கடையிலோ மெதுவான கம்ப்யூட்டர் இருந்தால், வழக்கமான வேலை எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு கமிட் எண்ணைக் குறித்து வந்து கொடுங்கள். எவ்வளவு பட்டை வேண்டும் என்று மதிய இடைவேளையில் சேர்ந்து கணக்குப் போடலாம்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி